வேலை கேட்டு வருபவனிடம் அத்தாட்சி கேட்கலாமா?



நீடாமங்கலம் சுற்றுவட்டாரத்தில் நடவு தொடங்கிவிட்டால் ஆள் கிடைப்பது அரிது. ஆகையால் சில வருஷங்களாக மேற்கு வங்காளத்து ஆட்களும் தஞ்சைத் தரணிக்கு வந்து நாற்று நடுகிறார்கள். முன்பின் அறியாத ஒருவன் வேலை கேட்டு நிற்கையில், "உன் ஊர் எது? வயதென்ன? அத்தாட்சி எங்கே?" என்று கேட்பது பிறர்சிநேகத்துக்கு விரோதமாகுமா?

ஆகாது. நியாயமான சட்டத்துக்குக் கீழ்ப்படிவது நமது கடமை. 1986-ஆம் வருஷத்துச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விலக்குகளே உண்டு. 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை அபாயமான வேலையில் அமர்த்தலாகாது. மீறுகிற முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். வயதை விசாரியாதவன் பிள்ளையின் படிப்பைத் திருடுகிறவனுக்குத் துணைபோகிறான்.

ஆனால் கேட்பதற்கும் அளவுண்டு. வங்காளத்தான், பீகாரி என்பதால் ஒருவன் அந்நியனாகிவிட மாட்டான். இந்தியப் பிரஜை எவனும் நாட்டின் எப்பாகத்திலும் குடியிருந்து தொழில் செய்யலாம் என்பது அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு. அவன் பாஷையைக் கேட்டுவிட்டு அவனை மட்டும் சந்தேகிப்பது அநீதி. நம்மூரானிடம் கேட்பதையே அவனிடமும் கேட்க வேண்டும். வெளிதேசத்தான் கூலி வேலை செய்ய அரசாங்க அனுமதி வேண்டியதுதான். எனினும் ஒருவன் எந்த நாட்டுப் பிரஜை என்று தீர்ப்பிட நாம் நீதிபதிகளல்ல. ஆதார் எண்ணே குடியுரிமைக்கு அத்தாட்சியாகாது என்று 2016-ஆம் வருஷத்து ஆதார் சட்டம் கூறுகிறது.

அட்டையைப் பார்த்தபின் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஓடிப்போகாதிருக்க அதைப் பெட்டியில் பூட்டி வைப்பது அடிமைத்தனத்துக்கு ஒப்பாகும். வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை எஜமான் பிடுங்கி வைத்தால் நாம் கண்ணீர் விடுகிறோமே! அதே நீதி நம் வாசலிலும் வேண்டாமா?

அத்தாட்சி இல்லையென்று தெரிந்தால் என்ன செய்வது? வேலை கொடுக்க இயலாமற் போகலாம், உதவி மறுக்கலாகாது. சிறுவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வழி காட்டுங்கள். அவன் தகப்பனுக்கோ தாய்க்கோ முழுக்கூலியில் வேலை கொடுங்கள். ஏற்கெனவே செய்த வேலைக்குரிய கூலியையோ, பத்திரம் சரியில்லை என்று சாக்குச் சொல்லிக் குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. கூலியாள் சகோதரனானாலும் அந்நியனானாலும், அன்றன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கும்படி மோயீசன் கட்டளையிட்டார். கூலியை வஞ்சிப்பது பரலோகத்தை நோக்கி முறையிடும் பாவங்களில் ஒன்றென ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசரும் 1891-இல் தமது நிருபத்தில் இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

எஜிப்து தேசத்துக்கு ஓடிப்போன திருக்குடும்பமே அகதிக் குடும்பங்களுக்கெல்லாம் மாதிரி என்று பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1952-இல் போதித்தார். அங்கே அர்ச். சூசையப்பரும் அந்நியராய் நின்றவரே.

ஆகையால் இன்றிரவு ஆத்துமசோதனை செய்கையில் ஒவ்வொருவரும் நம்மையே கேட்போம்: நான் அத்தாட்சி கேட்டது அவனைக் காப்பதற்கா, அல்லது அவனை என் கைக்குள் அடக்கி வைப்பதற்கா?