திட்டமும் வாக்குறுதியும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீடுகளிலிருந்து படகேறியோரை நாம் மறக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் சேமித்துக் கட்டிய இல்லங்கள் அவை. திட்டமிடுவதே வீண்தானோ?

இங்கிலாந்தின் மோரிஸ், மரலின் பெய்லி தம்பதியர் வீட்டை விற்றுப் பாய்மரப் படகு வாங்கி, நியூசிலாந்தில் குடியேற 1972-இல் புறப்பட்டனர். 1973 மார்ச் 4 அன்று பசிபிக்கில் திமிங்கிலம் மோதிப் படகு மூழ்கியது. காற்றடைத்த மிதவையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் தவித்தனர். கணவர் தளர்ந்தார், மனைவியோ அடுத்த படகுக்கு வரைபடம் தீட்டினார். ஜூன் 30 அன்று கொரிய மீன்பிடிக் கப்பல் அவர்களை மீட்டது. பின்னர் புதிய படகிலும் கடலேறினர்.

யாக்கோபின் திருமுகம் கண்டிப்பது, நாளை நம் கையில் என்னும் செருக்கையே; திட்டத்தை அன்று. பீடத்தின்முன் மணமக்கள் வாக்களிப்பது வீட்டையோ ஊரையோ அன்று, தம்மையே. மூழ்கிய திட்டத்தின்மேல் அம்மனைவி வரைந்த கோடுகள், அவ்வாக்கைக் காத்த கோடுகள் அல்லவா?