காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?

போன ஏப்ரலில் ஒரு சாயங்காலம். முத்தியால்பேட்டையிலிருந்து ஈசிஆரில் காலாப்பட்டு பல்கலைக்கழக வாசல் வரை, சுமார் பத்து கிலோமீட்டர், தனியாக முழு மூச்சில் மிதித்தேன். 17 நிமிடம். அதுவரை இருபதுக்குக் கீழே வந்ததே இல்லை. உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

பக்கத்துத் தெரு சொல்தா தாத்தாவிடமும் காட்டினேன். பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். ஜூலை வந்தால் தூர் த பிரான்ஸ் பார்க்க டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "காத்து எந்தப் பக்கம் அடிச்சுது தம்பி?"

தெற்கிலிருந்து. என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

நான் செய்தது டைம் ட்ரையல். பிரெஞ்சில் 'கோந்த்ர் லா மோந்த்ர்', அதாவது கடிகாரத்துக்கு எதிராக. வீரர்களை ஒவ்வொருவராக, ஓரிரு நிமிட இடைவெளியில் அனுப்புவார்கள். கூட்டத்தில் ஓட்டும்போது முன்னால் போகிறவன் முதுகில் ஒளிந்து காற்றைத் தவிர்க்கலாம். இங்கே அது தடை. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதைத் தனியாகவே கொடுக்க வேண்டும். அதனால்தான் இதற்கு 'உண்மையின் பந்தயம்' என்றொரு பெயர்.

ஆனால் யாருடைய உண்மை?

1989 தூர் த பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல். லோரான் பின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் கைகளை முன்னே நீட்டிக் குனிந்து ஓட்டும் புதுவகைக் கைப்பிடியோடும், காற்றை வழுக்கிவிடும் ஹெல்மெட்டோடும் வந்தார். பின்யோனுக்கு ஹெல்மெட் இல்லை, குதிரைவால் முடி பறந்தது. மூன்று வாரப் பந்தயத்தை லெமாண்ட் 8 விநாடியில் ஜெயித்தார்.

அந்த 8 விநாடி காலுடையதா, கைப்பிடியுடையதா? கடிகாரத்திடம் பதில் இல்லை. அது பொய் சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். "எவ்வளவு நேரம்?" என்றால் சொல்லும். "அதில் உன் பங்கு எவ்வளவு?" என்றால் சொல்லாது.

இந்த இடத்தில்தான் எனக்கு நவம்பர் ஞாபகம் வந்தது. வடகிழக்குக் காற்று முகத்தில் அறையும் மாதம். அதே ரோட்டில், அப்பாவின் பழைய சைக்கிளில், என் நண்பன் 24 நிமிடம் எடுத்திருந்தான். "ஷேர் ஆட்டோவே முந்திடும்டா" என்று குரூப்பில் எழுதியது நான்தான். அதற்குப் பிறகு அவன் எதுவும் போடவில்லை.

நாம் எல்லாரும் இப்படித்தான். பின்னாலிருந்து தள்ளிய காத்த 'திறமை'ன்னு எழுதிக்கிறோம். எதிர்ல அடிச்சா மட்டும் அதுக்குப் பேர் காத்து. அடுத்தவனுக்கு அடிச்சா அது காத்தே இல்ல, அவனோட சோம்பேறித்தனம்.

அப்படியென்றால் எல்லாமே காற்றுதானா, உழைப்பு ஒன்றுமில்லையா? அதுவும் சரியில்லை. அன்று லெமாண்ட் தன் காரில் வந்தவர்களிடம் இடைநேரம் எதையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிகாரத்தோடு மோதியவர் கடிகாரத்தைப் பார்க்க மறுத்தார். மிதிப்பது மட்டும்தான் அப்போது அவர் கையில் இருந்தது. அந்த மிதி உண்மை. அதற்குக் கிடைத்த எண்ணில்தான் பலருக்குப் பங்கு.

அதே வாரம் காலாப்பட்டு வரை போய், நிற்காமல் திரும்பினேன். போனதும் வந்ததும் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகாது. பத்து கிலோமீட்டரை 40 வேகத்தில் போய் 20 வேகத்தில் திரும்பினால் சராசரி 30 வராது, 27கூட வராது. எதிர்க்காற்றில்தான் அதிக நேரம் இருக்கிறோம். தள்ளிவிட்டதைவிடத் தடுத்தது அதிகம் எடுத்துக்கொள்கிறது. அவனுக்கு அன்றைக்குப் போகும் வழி முழுக்க அதுதான்.

வீட்டுக்கு வந்து அவனுக்கு மெசேஜ் போட்டேன்: "நவம்பர்ல காத்து எந்தப் பக்கம்டா?"

ராத்திரி பதில் வந்தது. "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"