திருக்கோவலூர் இடைகழி காட்டும் தர்மம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும்போது, வீதியின் இருமருங்கிலும் கைகூப்பி நிற்போர் பல்லாயிரவர். அவ்வீதியின் ஓரத்திலேயே, மண்டபப் படிகளிலும் பூட்டிய கடை வாசல்களிலும், துணி மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்போரும் உண்டு. எம்பெருமானுடைய திருக்கண்கள் இரு சாராரையும் ஒன்றாகவே கடாக்ஷிக்கின்றன. சேவிக்க வந்தோருடைய கண்களோ ஒரு சாராரை விட்டு விலகிச் செல்கின்றன. சிலர் ஒரு நாணயத்தை இட்டு நகர்கின்றனர். சிலர், "கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, உழைத்துப் பிழைக்கலாகாதா?" என்று முணுமுணுத்து நகர்கின்றனர். வீடற்றவனுக்கு உதவும்போது அவனுடைய யோக்யதையை ஆராய வேண்டுமா, அவனுடைய பசியே போதிய யோக்யதையா என்னும் வினா இங்கே எழுகிறது.

யோக்யதை பார்க்க வேண்டும் என்போர் ஸ்ரீமத் பகவத்கீதையின் பதினேழாம் அத்யாயத்தைக் காட்டுவர். தேசம், காலம், பாத்ரம் ஆகியவற்றை அறிந்து கொடுப்பதே ஸாத்த்விக தானம் என்று அங்கே கூறப்பட்டிருப்பது உண்மையே. ஆயினும் அவ்விடத்திலேயே, மரியாதையின்றியும் இகழ்ச்சியோடும் கொடுக்கப்படுவது தாமஸ தானம் என்றும் கூறப்பட்டுள்ளது. முன்னதை நினைவில் கொள்வோர் பின்னதை மறந்துவிடுகின்றனர். பூமியையும் பொன்னையும் பசுவையும் தானம் செய்கையில் பாத்ரம் ஆராயத்தக்கதே. அன்னத்தின் விஷயத்தில் பசித்திருத்தலே பாத்ரத்வம் என்பது பெரியோர் கொள்கை. தைத்திரீய உபநிஷத்தின் ப்ருகுவல்லியோ இன்னும் ஒரு படி மேலே சென்று, தங்க இடம் தேடி வந்த எவரையும் மறுக்கலாகாது என்பதை ஒரு விரதமாகவே விதிக்கிறது. அதன் பொருட்டே அன்னத்தை நிரம்ப ஈட்ட வேண்டும் என்றும் அது உரைக்கிறது.

இவ்விரதத்தை அனுஷ்டித்துக் காட்டியவர்கள் முதலாழ்வார்கள் மூவர். ஓரிடத்தில் நிலைத்துத் தங்காமல் திரிந்த அம்மஹநீயர்கள், மழையும் இருளும் சூழ்ந்த ஓர் இரவில் திருக்கோவலூரில் ஒரு சிறிய இடைகழியை அடைந்த வரலாறு யாவரும் அறிந்ததே. பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தபோது எழுந்து இடம் தந்தார், இருவரும் அமர்ந்தனர். பேயாழ்வார் வந்தபோது இருவரும் எழுந்தனர், மூவரும் நின்றனர். அதன் பின்னரே நான்காமவராக எம்பெருமான் வந்து நெருக்கியருளினான். ஒருவர் ஸுகமாகப் படுத்திருந்த வரையில் அவன் வரவில்லை என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. இடம் தந்தவர்களும் வீடற்றவர்களே என்பது அதனினும் சிந்திக்கத்தக்கது.

அங்கு நெருக்கியவன் யார்? அந்த க்ஷேத்ரத்தில் உலகளந்த திருக்கோலத்தில் ஸேவை ஸாதிப்பவன். மாவலியின் வேள்விச்சாலையில் மூவடி மண்ணுக்காகக் கையேந்தி நின்றவன். உடையவரும் துறவறம் பூண்ட பின் திருவரங்கத்தின் வீதிகளில் மாதுகரம் ஏற்றே அமுது செய்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. ஏந்திய கையை இழிவாக எண்ணுகிறவர்கள் இவ்விருவரையும் ஒரு கணம் நினைத்தல் நலம்.

இவற்றையெல்லாம் உபந்யாஸத்தில் கேட்டவர்கள் பலர். கேட்டும் பார்வை மாறாதவர்களும் பலர். ஏனெனில் பார்வை கைங்கர்யத்தின் வழியாகவே பெரும்பாலும் மாறுகிறது. திருமலையில் 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்ரீவாரி ஸேவையில், ஊதியமின்றித் தொண்டு செய்ய அன்பர்கள் பல ஊர்களிலிருந்தும் வருகின்றனர். பக்தையான தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர் தாங்கிய அன்னப்ரஸாதக் கூடத்தில், செல்வனும் ஏழையும் அடுத்தடுத்து அமர்ந்து உண்கின்றனர். ஊரில் பலரை ஏவி வேலை வாங்குபவர், அங்கே சாத வாளியுடன் குனிந்து, "இன்னும் கொஞ்சம் சாதிக்கட்டுமா?" என்று முன்பின் அறியாதவரைக் கேட்கிறார். குனிந்து பழகிய முதுகு, ஊர் திரும்பிய பின்னும் சிறிது குனிந்தே இருக்கிறது.

நகரங்களில் இரவு நேரத்தில் வீதியோரத்தாருக்கு உணவு கொண்டு செல்லும் தொண்டர்களுக்கும் இவ்வனுபவம் உண்டு. முதல் நாள் அவர்கள் கண்ணுக்குப் "பிச்சைக்காரர்கள்" என்னும் ஒரு கூட்டமே தென்படுகிறது. சில வாரங்கள் சென்றபின் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஊரும் இருப்பது தெரியவருகிறது. ஒருவர் விடியற்காலையில் சந்தையில் மூட்டை சுமப்பவர்; வாடகை கொடுக்குமளவு கூலி கிடைக்காதவர். ஒருவர் நோயால் வேலையிழந்தவர். ஒரு மூதாட்டி பிள்ளைகளால் கைவிடப்பட்டவர். ஒருவர் சித்தம் கலங்கி வீட்டு வழி மறந்தவர். "உழைக்கலாமே" என்ற சொல் அப்போது நாவிலேயே அடங்கிப்போகிறது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பாரத தேசத்தில் வீடற்றவர்கள் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று காட்டியது. அத்தனை பேரும் சோம்பலால் வீதிக்கு வந்தவர்கள் என்று நினைப்பவர், அவர்களில் ஒருவரோடும் அமர்ந்து பேசியறியாதவராகவே இருப்பர்.

எனினும் தொண்டிலும் ஓர் அபாயம் உண்டு. "நான் இட்டேன், இவன் உண்டான்" என்னும் எண்ணம் புகுந்தால், இட்ட அன்னம் அஹங்காரத்துக்கே உணவாகும். உண்பவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது அதன் வெளிப்படை அடையாளம். இதற்கு மருந்தாகவே ஸாத்த்விக த்யாகம் வகுக்கப்பட்டுள்ளது. செய்பவன் எம்பெருமான், பொருள் அவனுடையது, பயனும் அவனுக்கே என்று ஸங்கல்பித்துச் செய்யும்போது, இடுபவனும் ஏற்பவனும் ஒரே ஸ்வாமியின் இரு அடிமைகளாகின்றனர். ஸகல சேதநர்களும் அவனுக்குச் சரீரம் என்னும் ஸித்தாந்தம், ஏட்டை விட்டு இலைக்கு வருவது அப்போதுதான்.

மேலும், ஒரு வேளை அன்னம் பசியை ஆற்றுமேயன்றி மழையைத் தடுக்காது. பெருநகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம் தங்குமிடம் அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் பணித்தது. அத்தகைய இடம் தன் ஊரில் எங்குள்ளது என்று விசாரித்து அறிந்து, வழி தெரியாத ஒருவரைக் கைபிடித்து அங்கே சேர்ப்பதும், நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், முகவரி இல்லாதவருக்கு வேண்டிய அரசுச் சான்றுகளைப் பெற அலைவதும் ததீயாராதனத்தின் தொடர்ச்சியே ஆகும்.

உத்ஸவம் முடிந்து ஊர் திரும்பும் ஆஸ்திகர்கள் ஒவ்வொருவரும், தம் தெருவில் படுத்திருக்கும் ஒருவரின் பெயரையேனும் கேட்டறிவார்களாக. பெயரறிந்தவரைக் கடந்து செல்வது எளிதன்று. எழுந்து சற்று ஒதுங்கி நின்றால், எவ்வளவு சிறிய இடைகழியிலும் இன்னும் ஒருவருக்கு இடமுண்டு. அவ்வொருவருக்குப் பின் வருபவன் எம்பெருமானே.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.