இந்த ஒரு மாசம் மட்டும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் சீடன், தன் பழைய வணிகவியல் ஆசிரியரைத் தேடி வந்திருந்தான். முதலாளி தையல்காரர்களின் சம்பளத்தில் பி.எஃப். என்று 12 சதவீதம் பிடிக்கிறார், கட்டுவதில்லை. "இந்த ஒரு மாசம் மட்டும் கட்டின மாதிரி எழுதிரு" என்று சொல்லிவிட்டார்.

"வேலையை விட வழியில்லைங்க ஐயா. வீட்டுக் கடன் ஓடிட்டிருக்கு."

"விடச் சொல்லலை தம்பி. பெட்டி வின்சன்னு ஒரு அம்மா கதையைக் கேளு."

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவர் வின்சன். 2000 அக்டோபரில், செலவை 82.8 கோடி டாலர் குறைத்துக் காட்டச் சொன்னார்கள். மனசு ஒப்பாமல் ராஜினாமாக் கடிதமே எழுதினார். ஆனால் வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் அவர்தான். குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் அந்த வேலையோடுதான் இருந்தது. இந்த ஒரு முறைதான் என்று நிதித் தலைவர் சல்லிவன் சமாதானம் சொன்னார். கடிதம் போகவில்லை. அடுத்த காலாண்டிலும் பொய்க் கணக்கு வந்தது, அதற்கடுத்ததிலும். கெட்ட மனுஷி அல்ல. பிள்ளையையும் வீட்டையும் நினைத்தவர்.

2002இல் உள்தணிக்கைப் பிரிவின் சிந்தியா கூப்பர் மோசடியைக் கண்டுபிடித்தார். நிறுவனம் திவாலானது. வின்சன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அரசுத் தரப்புச் சாட்சியாகவும் நின்றார். அப்படியும் 2005இல் ஐந்து மாதச் சிறை.

"மேலே இருக்கறவங்க சொன்னதைத்தானுங்களே செஞ்சாங்க?"

"ஆமா. சல்லிவனுக்கு 5 வருஷம், தலைவர் எபர்ஸுக்கு 25 வருஷம். அதனால இந்தம்மா ஜெயிலுக்குப் போகாம இருக்க முடிஞ்சுதா?"

சீடன் பேசவில்லை.

"வேலையில இரு. கட்டாததைக் கட்டினதா மட்டும் எழுதாதே. 'பணம் கொடுங்க, உடனே கட்டிட்டு ஏத்திர்றேன்'னு பணிவாச் சொல்லு. அவர் வாயால சொன்னதை, 'இப்படித்தானுங்களே சொன்னீங்க'ன்னு வாட்ஸ்அப்புல கேட்டு வை. சரி, அந்தப் பணம் யாரோடது?"

தயங்கித்தான் சொன்னான். செக்கிங் மேஜையில் இருக்கும் அக்கா ஒருவர், மகள் கல்யாணத்துக்கு பி.எஃப். பணம் எடுக்க வழி கேட்டிருந்தார். 'அப்புறம் பாக்கலாங்க்கா' என்று அனுப்பிவிட்டான்.

ஆசிரியரின் குரல் மாறியது. "ஒரு மாசப் பணத்தை அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும். தொழிலாளிகிட்டப் பிடிச்சதைக் கட்டாம வச்சுக்கிறது சட்டப்படி நம்பிக்கை மோசடி. பி.எஃப். உறுப்பினருக்குத் தர்ற யு.ஏ.என். எண்ணைப் போட்டா அந்த அக்காவே போன்ல பாஸ்புக் பாத்துக்கலாம். அதைச் சொல்லிக் கொடுத்தியா?"

"இல்லைங்க."

"சொல்லிக் கொடுக்க முதலாளிகிட்ட அனுமதி வாங்க வேண்டியதில்லை."

"எல்லாரும் பாத்துட்டு அவர்கிட்டப் போய்க் கேட்டா, என் வேலை போயிருங்களே ஐயா?"

"போகலாம். அதனாலதான் இந்த வாரமே வேற கம்பெனிகள்ல சொல்லி வைக்கச் சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் ரெண்டு பேர்கிட்ட நானும் பேசறேன்."