இரண்டு சாட்சிகள்

பிறர் படும் துன்பத்தைக் கண்டு மனம் இளகுவது நல்ல குணந்தான். ஆனால், இளகிய மனம் கத்தியையும் கையில் எடுத்துக்கொள்ளும்போது, இரக்கம் மட்டும் போதுமா?

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், 1953-ஆம் ஆண்டில், ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வயது 27. வலிப்பு நோய் அவரை வேலைக்குப் போகவிடாமல் முடக்கியிருந்தது, மருந்துகள் பலிக்கவில்லை. வலிப்பு எந்த இடத்தில் மூளுகிறது என்று தேடினார்கள். மண்டைக்குள் காற்றைச் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படம் குறை எதையும் காட்டவில்லை. மின் அலைகளைப் பதிவு செய்த கருவியும் இடம் இன்னதென்று சொல்லவில்லை. இரண்டு சாட்சிகளும் கைவிரித்த பிறகும், டாக்டர் வில்லியம் ஸ்கோவில் இரு பக்கத்துப் பொட்டு மடல்களின் உட்பகுதியை எடுத்துவிட்டார்.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால், புதிய அனுபவம் எதையும் நினைவில் இருத்தும் சக்தி போய்விட்டது. சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், முன்பின் அறியாத மனிதர்! இப்படியே 55 ஆண்டுகள் வாழ்ந்து, 2008-இல் அவர் காலமானார். நேற்று நடந்தது இன்று தொடர்ந்தால்தான் கதை என்று நம்பி எழுதிவரும் எனக்கு, அந்த வாழ்வை எண்ணவே அச்சமாயிருக்கிறது.

டாக்டரைக் கொடியவர் என்று சொல்ல மனம் வரவில்லை. விளைவை அவர் மறைக்கவில்லை. 1957-இல் பிரெண்டா மில்னருடன் சேர்ந்து, மற்றவர்கள் எச்சரிக்கை கொள்ளும்படி எழுதி வெளியிட்டார்.

இன்று எம்.ஆர்.ஐ. படம் மூளையின் தழும்பைக் காட்டுகிறது. ஆனால் தழும்பெல்லாம் குற்றவாளியல்ல. இ.இ.ஜி. மின்புயல் எழும் கணத்தைச் சொல்கிறது. ஆனால் ஆழத்தில் எழுவது வெளியே தெளிவாகக் கேட்பதில்லை. ஆகவே இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். மருந்தைக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று நாள்கணக்கில் ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறார்கள். சாட்சிகள் முரண்பட்டால், மண்டைக்குள்ளேயே மின்முனைகளைச் செலுத்திப் பார்க்கிறார்கள். அப்படியும் துலங்காவிட்டால், வெட்டாமல் விடுவதும் உண்டு.

தயக்கமே தருமம் என்று நான் சொல்லவில்லை. அடங்காத வலிப்பு உயிரையும் குடிக்கும். வெட்டினால் பிழைக்கக் கூடியவரைக் காக்கவைப்பதும் பாவந்தான். ஆனால் அறியாமல் காட்டும் இரக்கத்தின் விலையைக் கொடுப்பவர் யார்? இரங்குகிறவர் அல்லவே! அந்த விலையை மொலைசன் கொடுத்தார். பிறர் வாழ்வில் கைவைக்கப் புறப்படும் நம் எல்லோருக்கும், சாட்சிகளை விசாரிக்கும் பொறுமையும் கருணையின் ஒரு பகுதி என்றே எனக்குத் தோன்றுகிறது.