திரை காட்டுவது காட்சியா, உரையா?

ஒன்றை அறிந்துகொண்டோம் என்று எப்போது சொல்லலாம்? சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் இறைவனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்கிறார். காட்சி, கருதல், உரை என்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, வகுக்கிறது சித்தாந்தம். நேரில் காண்பது காட்சி. புகையைக் கொண்டு நெருப்பை அறிவது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. 13-ம் நூற்றாண்டு நூல் சொல்லும் இந்தப் பாகுபாடு இன்று அவசரமாகத் தேவைப்படும் ஓர் இடம், பெரிய கட்டடங்களின் கட்டுப்பாட்டு அறை. சில்லர், பம்ப், காற்றோட்டம், மின்சாரம் என எல்லாம் ஒரே திரைக்குள் வந்துவிட்டன. பராமரிப்பு மேலாளருக்கு இனி என்ன திறமை வேண்டும் என்றால் மென்பொருள், தரவு ஆய்வு, இணையப் பாதுகாப்பு என்கிறார்கள். வேண்டியவைதான். ஆனால் திரையில் தெரியும் எண் எந்த அளவையைச் சேர்ந்தது என்று பிரித்தறியத் தெரியாதவருக்கு அவை எதுவும் முழுப் பயன் தராது.

கண்ணால் பார்ப்பதால் திரையைக் காட்சி என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது உரை. எங்கோ கூரைக்குள் இருக்கும் கருவி சொல்லி அனுப்பும் செய்தி. அறையின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சென்சார்கள் பல, சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்றின் அளவு, அதாவது சுமார் 400 பிபிஎம், என்று வைத்துத் தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. இரவில் காலியாகும் அலுவலகத்துக்கு இது பொருந்தும். 24 மணி நேரமும் ஆள் இருக்கும் மருத்துவமனை வார்டில் காற்று ஒருபோதும் 600-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், அந்த 600-ஐயே சென்சார் 400 என்று சொல்லத் தொடங்கும். காற்று புழுங்கும், திரை பச்சையாகவே இருக்கும். உரையை ஏற்க, சொல்பவர் பொய்யராக இல்லாதிருந்தால் மட்டும் போதாது. அறிந்தவராகவும் இருக்க வேண்டும். கருவிக்குப் பொய் தெரியாது. ஆனால் தான் அறியாததையும் அறிந்த குரலிலேயே சொல்லும்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கோ அணைந்துவிட்டது. மூடுவதற்கான கட்டளை அனுப்பப்பட்டது என்பதே அந்த விளக்கு அணைந்ததன் பொருள். வால்வு மூடியதா என்பது அதற்குத் தெரியாது. வால்வுக்கு அப்பாலுள்ள குழாயின் வெப்பம் உயர்ந்திருந்தது. கருதல் அளவைக்கு அதுவே புகை. வால்வு முன்பே கொஞ்சம் கசிந்ததுதானே என்று அதையும் தள்ளிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழ பாதி உருகியது. கட்டடத் திரைகளிலும் கட்டளையும் நிலையும் அடுத்தடுத்தே நிற்கின்றன. ‘மூடியதா, மூடச் சொன்னதா?’ என்று கேட்கத் தெரிவது பெரிய திறமை.

மனிதப் புலன் மட்டும் நம்பகமானதா என்று கேட்கலாம். கை வெப்பநிலையைத் துல்லியமான எண்ணாகச் சொல்லாது. கண் இரவெல்லாம் விழித்திருக்காது. உண்மை. காட்சியிலும் ஐயமும் திரிபும் உண்டு என்று சித்தாந்தமே ஒப்புக்கொள்கிறது. ஆகவே கருவியைக் கைவிடச் சொல்லவில்லை. ஓர் அளவையை மற்றொன்றால் சோதிக்கச் சொல்கிறோம். இன்னொரு சென்சார் வைத்தால், பிழை கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கினால் போதாதா என்பது வலுவான மறுப்பு. அவை உதவும். ஆனால் இரண்டாவது சென்சார் இரண்டாவது உரை. இரண்டும் முரண்படும்போது எதை ஏற்பது என்பதற்கு மூன்றாவதை வைத்தால் கேள்வி பின்னோக்கி நீளுமே தவிர முடியாது. ஒவ்வொன்றும் எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது என்று அறிந்த ஒருவரிடம்தான் அது முடியும். கட்டடம் எவ்வளவுக்குத் தானே இயங்குகிறதோ, அவ்வளவுக்கு அவர் நேரில் போய்ப் பார்க்கும் வாய்ப்பு குறைகிறது. போய்ப் பார்த்தால் புரிந்துகொள்ளும் பழக்கமும் மங்குகிறது. அதனால் திரை பச்சையாக இருக்கும் நாளிலும் மாடியேறி, குழாயைத் தொட்டு, திரை சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வேலையின் பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். வார்டில் புழுங்கிக் கிடக்கும் நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர், சென்சார் அன்று.