உன் இடத்தைத்தான் கேட்கிறாய், நிமிர்ந்து நில்!

ஏப்ரல் பிறந்தால் போதும், கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில், பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பித்தவர்களிடையே ஒரு காய்ச்சல் பரவும். பெர்க்லி பதில் போட்டுவிட்டதா, யூசிஎல்ஏ எப்போது சொல்லும் என்பதே பேச்சு. லேப்டாப்பில் கால்குலஸ் பாடம் பாதியில் நிற்கும். பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் போர்ட்டல் திறந்திருக்கும். விரல் தானாகப் போய் ரெஃப்ரெஷை அழுத்தும். விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்ற அதே பழைய வரி. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அழுத்தும்.

தம்பி, தங்கையே, அந்த விரலை எடு. உன்னிடம் கொஞ்சம் சூடாகவே பேச வேண்டியிருக்கிறது.

காத்திருப்பதைவிட உன்னை அதிகம் அரிப்பது ஒன்று உண்டு. பள்ளி முடித்த கையோடு பெரிய பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர்களுக்கு நீ ஒரு படி கீழே என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கிறாய். சன்னிவேலிலும் ஃப்ரீமான்ட்டிலும் நம் தமிழ்க் குடும்பங்களிலேயே இந்த நோய் இருக்கிறது. வார இறுதி விருந்தில் "பையன் எங்கே படிக்கிறான்?" என்று யாராவது கேட்டுவிட்டால், டி ஆன்சா காலேஜ் என்று சொல்ல அம்மாவின் குரல் தாழ்ந்துபோகும். "இப்போதைக்குத்தான் அங்கே, அப்புறம் மாறிடுவான்" என்று அப்பா அவசரமாகப் பேச்சை மாற்றுவார். எதற்கு இந்தக் கூச்சம்? யார் வீட்டுச் சொத்தைத் திருடிவிட்டது அந்தப் பிள்ளை?

நீ நிற்கும் இந்தப் பாதை யாரோ இரக்கப்பட்டுத் திறந்துவிட்ட பின்வாசல் என்று நினைக்கிறாயா? வரலாற்றைப் படி. 1960-ல் கலிபோர்னியா தன் உயர்கல்விக்கென்று ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. அதன் தலைமைச் சிற்பி, அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர். பல்கலைக்கழகத்தில் முதலிரண்டு ஆண்டு மாணவர்களைக் குறைவாகவும், கடைசி இரண்டு ஆண்டு மாணவர்களை அதிகமாகவும் வைக்க வேண்டும் என்று அந்தத் திட்டம் விகிதமே வகுத்தது. ஏன்? மூன்றாம் ஆண்டில் வந்து சேரும் உனக்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்காக! முதலாண்டில் சேரும் ஒவ்வொரு இரண்டு கலிபோர்னிய மாணவர்களுக்கும் ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்பதே இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் இலக்கு. உன் அப்பாவே பிறந்திருக்க மாட்டார், அதற்கு முன்பே உனக்கென்று கணக்குப் போட்டு இடம் ஒதுக்கிவிட்டார்கள். அதைக் கேட்கத்தான் நீ போய் நிற்கிறாய். குனிந்துகொண்டு ஏன் கேட்கிறாய்?

முதலாண்டு விண்ணப்பதாரர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிட்டாத யூசிஎல்ஏவில், டிரான்ஸ்ஃபர் கேட்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அப்படி மாறி வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உன்னைப் போலவே கம்யூனிட்டி காலேஜில் படித்தவர்கள்.

மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரைத் தெரியுமா? பள்ளியில் மதிப்பெண் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கடலலையில் சர்ஃபிங்தான் உலகம். வியட்நாம் போர் வந்தது. கடற்படை மருத்துவ உதவியாளராக டா நாங்கில் காயம்பட்டவர்களுக்கு நடுவே நின்றார். ஊர் திரும்பியவர் எங்கே போய்ச் சேர்ந்தார்? சான் மேட்டியோ கம்யூனிட்டி காலேஜில். அங்கிருந்துதான் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1972-ல் இளநிலை, 1975-லேயே முனைவர் பட்டம். 2000-ம் ஆண்டு ஜூனில் மனித மரபணுத் தொகுதியின் வரைவு தயார் என்று அதிபர் கிளின்டன் வெள்ளை மாளிகையில் அறிவித்தபோது, அந்த மேடையில் வென்டர் நின்றார். சான் மேட்டியோவில் படித்தேன் என்று சொல்ல அந்த மனிதர் எந்த விருந்தில் குரலைத் தாழ்த்த வேண்டும்?

சரி, சேர்க்கை அதிகாரிகளின் மேஜையில் இப்போது இருப்பது என்ன? நீ முடித்த அறுபது செமஸ்டர் யூனிட். அசிஸ்ட் தளத்தில் எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நீ எடுத்த கணிதமும் இயற்பியலும். 350 சொல்லுக்குள் அடக்க வேண்டுமென்று வெட்டி வெட்டி எழுதிய நான்கு பதில்கள். எஸ்ஏடி மதிப்பெண் அங்கே கிடையாது. பதினேழு வயதில் நீ எப்படி இருந்தாய் என்பதை அல்ல, இந்த இரண்டு ஆண்டில் நீ என்ன செய்தாய் என்பதைத்தான் அவர்கள் எடைபோடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்குக் கடையில் ஷிஃப்ட் முடித்து, காலை எட்டு மணி கெமிஸ்ட்ரி லேபில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றாயே, அதெல்லாம் அந்த விண்ணப்பத்தில் எழுத்தாக இருக்கிறது. அந்த எழுத்தை இனி ஒருவராலும் அழிக்க முடியாது.

ஆனால் ஒருவரால் கெடுக்க முடியும். அது நீதான்! வரும் சேர்க்கைக் கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும். கையில் உள்ள பாடங்களை முடிக்க வேண்டும், தரம் சரியக் கூடாது, இறுதி மதிப்பெண் பட்டியல் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். கிடைத்த இடத்தை இந்தக் கடைசிப் பருவத்தில் கோட்டைவிட்டவர்கள் உண்டு. டி ஆன்சா போலக் குவார்ட்டர் முறைக் கல்லூரி என்றால் ஜூன் பின்பாதி வரை உனக்குப் பரீட்சை இருக்கிறது. போர்ட்டலை முறைத்துப் பார்த்தால் ஒரு மார்க்கும் ஏறாது. லீனியர் ஆல்ஜீப்ரா கணக்கு ஒன்றைப் போட்டால் ஏறும். உழைப்பதற்கு இதைவிட நல்ல நேரம் எது?

"இல்லை என்று வந்துவிட்டால்?" என்று கேட்கிறாய். கேள். ஓடி ஒளிய வேண்டிய கேள்வி இல்லை. வந்தால் வலிக்கும். அன்றிரவு அழ வேண்டுமென்றால் அழு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கடிதம் சொல்வது, இந்த ஆண்டு இந்தத் துறையில் இத்தனை பேருக்குத்தான் இடம் என்பதை மட்டுமே. அதற்குள் உன் தலையெழுத்தைத் தேடாதே.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் பெர்க்லியும் யூசிஎல்ஏவும் சான் டியாகோவும் உத்தரவாதச் சேர்க்கை தருவதில்லை. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறும் தருகின்றன. செப்டம்பரிலேயே அவற்றில் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்து, தகுதியையும் காப்பாற்றியிருந்தால், அந்த இடம் உனக்கு உறுதி. அதை ஆறுதல் பரிசு என்று யாராவது சொன்னால் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசு. நீல எல்.இ.டி.க்காக 2014-ல் இயற்பியல் நோபல் வாங்கிய ஷூஜி நகமுரா பேராசிரியராக இருக்கும் இடம் சான்டா பார்பரா!

ஜூன் 1 கடைசி நாள். எந்த வளாகம் உன்னை அழைத்தாலும் அதற்குள் சம்மதத்தைப் பதிவு செய். அந்தத் துறையில் யார் யார் என்னென்ன ஆய்வு செய்கிறார்கள் என்று இன்றைக்கே பார்க்கத் தொடங்கு. ஒரு பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரையையாவது முழுதாகப் படி. புரியாததைக் குறித்துக்கொண்டு, முதல் வாரமே அவர் அறைக் கதவைத் தட்டிக் கேள்.